கலங்கல் நீரில் ஃபிளாஷ்: அணைப்பதா, நகர்த்துவதா?

கேள்வி: நீர்புகாத ஹவுசிங்கில் வைத்த ஒரு காம்பாக்ட் கேமராவும், அதனுடன் ஒரு நீட்டுக்கையில் பொருத்திய ஒற்றை ஸ்ட்ரோபும் (தனி வெளி ஃபிளாஷ்) கொண்டு ஸ்கூபா மூழ்கும்போது படமெடுத்து வருகிறேன். நான் மூழ்கும் இடங்களில் பெரும்பாலும் 2 அல்லது 3 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரிவதில்லை. ஃபிளாஷ் போட்டால் படம் முழுவதும் வெண்புள்ளிகள் விழுகின்றன. போடாவிட்டால் எல்லாம் பச்சை படிந்து நிறமற்றுப் போகிறது. ஃபிளாஷின் திறனைக் கால் பங்காகக் குறைத்துப் பார்த்தேன், ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் மாட்டியும் பார்த்தேன். பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது ஸ்ட்ரோப் வாங்கினால் இது தீருமா, அல்லது இத்தகைய நீரில் ஃபிளாஷையே மறந்துவிட வேண்டுமா? புள்ளிகளைப் பிறகு கணினியில் நீக்கிக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியான வழியா?

பதில்:

அன்புடையீர்,

நீங்கள் ஃபிளாஷை மறக்க வேண்டியதில்லை. இரண்டாவது ஸ்ட்ரோபை இப்போதே வாங்க வேண்டியதும் இல்லை. உங்கள் கடிதத்தில் ஃபிளாஷின் திறனைப் பற்றியும் டிஃப்யூசரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் படமெடுத்தபோது ஸ்ட்ரோப் கேமராவிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது, எந்தத் திசையைப் பார்த்திருந்தது, எடுக்கப்பட்ட பொருள் எவ்வளவு தொலைவில் இருந்தது என்ற மூன்றையும் எழுதவில்லை. இப்படிக் கேட்டு எழுதுபவர்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை. புள்ளிகளுக்கான காரணம் ஏறக்குறைய எப்போதும் இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது என்பதால், பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சொல்லும் வெண்புள்ளிகளைப் பின்சிதறல் என்பார்கள். நீரில் மிதக்கும் மண்துகள், மிதவையுயிரி, உதிர்ந்த பாசித்துணுக்கு ஆகியவற்றின்மீது பட்ட ஃபிளாஷ் ஒளி, லென்ஸை நோக்கியே திரும்பி வருவதால் அவை தோன்றுகின்றன. ஆனால் நீரிலுள்ள எல்லாத் துகளும் படத்தைக் கெடுப்பதில்லை. லென்ஸின் பார்வைக்குள்ளும், அதே நேரத்தில் ஃபிளாஷின் ஒளிக்கற்றைக்குள்ளும் இருக்கின்ற துகள் மட்டுமே கெடுக்கிறது. இருட்டறையில் சாளர இடுக்கு வழியே வெயில் விழும்போது, அறை முழுவதும் தூசி இருந்தாலும் அந்தக் கற்றைக்குள் இருப்பது மட்டுமே மின்னுகிறது. அதுவும் பின்னால் இருண்ட சுவர் இருந்தால்தான் கண்ணில் படுகிறது, வெளிச்சமான சுவருக்கு முன்னால் அதே தூசி காணாமல் போய்விடுகிறது. கீழே நான் சொல்லப்போகும் பெரும்பாலான யோசனைகள் இந்த இரண்டு உண்மைகளிலிருந்து பிறப்பவையே: லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீரில் ஒளி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது முடியாத இடத்தில் பின்னணியை வெளிச்சமாக்கித் துகளை மறைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஸ்ட்ரோபின் இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். லென்ஸுக்கு நேர் முன்னால் 10 சென்டிமீட்டரில் ஒரு துகளும், 1 மீட்டரில் ஒரு மீனும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் லென்ஸின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் மட்டுமே தள்ளியிருந்தால், ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்ற விதிப்படி, மீனின்மீது விழுவதைப் போல ஏறத்தாழ 80 மடங்கு ஒளி அந்தத் துகளின்மீது விழுகிறது. அதே ஃபிளாஷைப் பக்கவாட்டில் 50 சென்டிமீட்டர் நகர்த்துங்கள். இப்போது துகளுக்கும் ஃபிளாஷுக்கும் இடையே 51 சென்டிமீட்டர், மீனுக்கும் ஃபிளாஷுக்கும் இடையே 112 சென்டிமீட்டர். 80 மடங்காக இருந்த வேறுபாடு 5 மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஸ்ட்ரோபைத் திருப்பவில்லை, திறனைத் தொடவில்லை. நகர்த்தியது மட்டுமே செய்த வேலை இது.

நீங்கள் திறனைக் கால் பங்காகக் குறைத்தபோது பலன் கிடைக்காததன் காரணமும் இதிலேயே இருக்கிறது. திறனைக் குறைத்தால் துகளின்மீது விழும் ஒளியும் மீனின்மீது விழும் ஒளியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. படம் இருண்டுவிட்டதே என்று நீங்களோ, தானியங்கி முறையில் இயங்கும் கேமராவோ ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) அளவைக் கூட்டும்போது இரண்டும் ஒரே விகிதத்தில் மீண்டும் ஏறிவிடுகின்றன. குறைந்த திறனில் எடுத்த படங்கள் தெளிவாக இருப்பதாகப் பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் பொருளுக்கு மிக அருகில் சென்றதால்தான் குறைந்த திறன் போதுமானதாக இருந்தது. தெளிவைத் தந்தது அருகாமை.

ஸ்ட்ரோபை நகர்த்தும் முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். காம்பாக்ட் கேமராக்களில் பெரும்பாலும் உள்ளமைந்த சிறு ஃபிளாஷின் மின்னலே ஒளியிழை வழியாகச் சென்று வெளி ஸ்ட்ரோபை இயக்குகிறது. அந்தச் சிறு ஃபிளாஷின் ஒளி ஹவுசிங்கிலிருந்து நீருக்குள் கசிந்தால், மேலே சொன்ன 80 மடங்குக் கணக்கில் நீங்கள் சிக்கிக்கொள்கிறீர்கள். வெளி ஸ்ட்ரோபை எவ்வளவு திறமையாக வைத்தாலும் பயனிருக்காது. வெளி ஸ்ட்ரோபை அணைத்துவிட்டு, நீருக்கடியில், கசிவு பதிவாகும்படி இருண்ட பின்னணியை நோக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஹவுசிங்கின் அந்தப் பகுதியை, ஒளியிழை செருகும் துளையை மட்டும் விட்டுவிட்டு, ஒளி ஊடுருவாத கறுப்பு நாடாவால் மூடிவிடலாம். உள்ளமைந்த ஃபிளாஷின் திறனைக் கைமுறையில் குறைக்க உங்கள் கேமரா அனுமதித்தால், வெளி ஸ்ட்ரோபைத் தூண்டப் போதுமான மிகக் குறைந்த அளவில் வையுங்கள். மின்கலமும் மிஞ்சும், அடுத்தடுத்த படங்களுக்கு இடையே காத்திருக்கும் நேரமும் குறையும்.

இனி திசைக்கு வருகிறேன். ஸ்ட்ரோபை மீனை நோக்கித் திருப்புவதுதான் எல்லோரும் இயல்பாகச் செய்வது. கலங்கல் நீரில் அதுதான் முதலில் கைவிட வேண்டிய பழக்கம். ஸ்ட்ரோபிலிருந்து வரும் ஒளி கூம்பு வடிவில் விரிகிறது. பல ஸ்ட்ரோபுகளில் அதன் விரிவு 100 பாகையை ஒட்டி இருக்கும். இப்படிப்பட்ட ஸ்ட்ரோபை லென்ஸிலிருந்து 50 சென்டிமீட்டர் பக்கவாட்டில், கேமரா பார்க்கும் அதே திசையில் நேராக வைத்தால், கூம்பின் உள்விளிம்பு லென்ஸின் மைய அச்சைத் தொடுவதற்குள் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர் கடந்துவிடும். அதுவரை மைய அச்சிலுள்ள நீர் இருட்டாகவே இருக்கும். ஸ்ட்ரோபை இன்னும் 10 பாகை வெளிப்புறமாகத் திருப்பினால் அந்த இருட்டுப் பகுதி 60 சென்டிமீட்டர் வரை நீளும். பொருள் 60 முதல் 70 சென்டிமீட்டரில் இருக்குமானால், ஒளியின் விளிம்பு பொருளை மட்டும் தடவிச் செல்லும், முன்னாலுள்ள நீர் பெரும்பாலும் தப்பிவிடும். கூம்பின் மையத்தைவிட விளிம்பில் ஒளி குறைவு என்பதால் திறனைச் சற்றுக் கூட்ட வேண்டிவரும். அதற்கு அஞ்ச வேண்டாம்.

இரண்டு விஷயங்களை இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கு மைய அச்சுக்கானது. ஸ்ட்ரோப் இருக்கும் பக்கத்துப் படவிளிம்பு கூம்புக்கு அருகில் இருப்பதால் அங்கேதான் புள்ளிகள் முதலில் தோன்றும், ஆகையால் படத்தைச் சோதிக்கும்போது முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அடுத்தது, பொருள் நெருங்கினால் ஸ்ட்ரோபும் நெருங்க வேண்டும். 30 சென்டிமீட்டரிலுள்ள ஒரு நத்தையை எடுக்க ஸ்ட்ரோப் 50 சென்டிமீட்டர் விலகியிருந்தால், ஒளி நத்தையைத் தாண்டிப் போய் அதன் பின்னாலுள்ள நீரில் விழும். நத்தை இருட்டில் நிற்கும். பொருள் இருக்கும் தொலைவும் ஸ்ட்ரோபின் விலகலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும் என்று தொடங்கி, பிறகு திருத்திக்கொள்வது என் வழக்கம்.

ஸ்ட்ரோபைப் பொருளுக்கே குறிவைத்தாக வேண்டிய தருணங்களில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33 என்பதால், முகமூடியின் தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் நமக்கு எல்லாம் உண்மையான தொலைவின் முக்கால் பங்கில் இருப்பதாகத் தோன்றும். 1 மீட்டரில் இருக்கும் மீன் 75 சென்டிமீட்டரில் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த இடத்தை நோக்கி ஸ்ட்ரோபைச் சாய்த்தால் ஒளி மீனுக்கு முன்னாலுள்ள வெறும் நீரில் குவியும், அதாவது எந்த இடத்தில் ஒளி விழக் கூடாது என்று இவ்வளவு பாடுபடுகிறோமோ அதே இடத்தில்.

ஸ்ட்ரோபின் இடத்தை நீருக்குள் சரிபார்க்க எளிய வழி, மீனைத் தேடும் முன்பே வெற்று நீரைப் படமெடுப்பதாகும். எந்தப் பொருளும் இல்லாத திசையில், நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே அமைப்புகளுடன் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலைமூலையாகப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் ஸ்ட்ரோபைச் சற்று வெளியே திருப்புங்கள், அல்லது விலக்குங்கள்; படம் சுத்தமாகும் வரை இதைச் செய்துவிட்டு, ஸ்ட்ரோப் கையின் மூட்டுகளை இறுக்கிக்கொண்டு பொருளிடம் செல்லுங்கள். மூழ்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டியிருக்கும், ஏனென்றால் நீர் நேற்றைய நீராக இருப்பதில்லை. அழகான காட்சி முன்னால் இருக்கும்போது வெறும் நீரைப் படமெடுத்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல என்னிடம் இல்லை.

ஆனால் இவை அனைத்தையும்விடத் தொலைவே பெரிது. ஸ்ட்ரோபை எவ்வளவு நுட்பமாக வைத்தாலும், உங்களுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள நீரின் அளவைக் குறைக்காமல் தெளிவு வராது. நீரின் தெளிவை அளக்க 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் பயன்படுத்திய வெள்ளை வட்டத் தட்டு இன்றும் ஏரிகளிலும் கடல்களிலும் இறக்கப்படுகிறது. அதன் கிடைமட்ட வடிவம் ஒன்றை நீங்களே செய்துகொள்ளலாம். உடன் மூழ்குபவரிடம் வெள்ளை எழுதுபலகையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கச் சொல்லுங்கள். பலகை மறையும் தொலைவுதான் அன்றைய பார்வைத் தொலைவு. ஃபிளாஷுடன் எடுக்கும் படத்துக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கை எல்லையாக நான் வைத்துக்கொள்கிறேன். உங்கள் நீரில் பார்வைத் தொலைவு 2.5 மீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர். அதற்கு அப்பால் இருப்பதை ஃபிளாஷால் மீட்க முடியாது, நிறமும் கிடைக்காது. தூய நீரிலேயே, ஸ்ட்ரோபிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து லென்ஸுக்குமாக 2 மீட்டர் பயணம் செய்தால், 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியில் ஏறக்குறையப் பாதி உறிஞ்சப்பட்டுவிடும். கலங்கல் நீரில் நிலைமை இன்னும் மோசம்.

50 சென்டிமீட்டரில் பெரிய மீன் எப்படிப் படத்துக்குள் அடங்கும் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பணத்தை எதில் செலவிடுவது என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது. தட்டையான போர்ட்டுக்கு (ஹவுசிங்கின் முன்கண்ணாடிக்கு) பின்னால் 28 மில்லிமீட்டர் லென்ஸ் நீருக்கடியில் 37 மில்லிமீட்டர் லென்ஸைப் போலக் குறுகிவிடுகிறது. குறுகிய கோணம் உங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னால் போனால் இடையில் நீர் கூடுகிறது. ஹவுசிங்கின் முன்னால் நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றக்கூடிய வைட் ஆங்கிள் வெட் லென்ஸ் ஒன்று இருந்தால், இழந்த கோணத்தை மீட்பதோடு அதற்கும் மேலாக விரித்து, உங்களைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுசெல்லும். இரண்டாவது ஸ்ட்ரோபுக்கு முன்னால் இதை வாங்குங்கள். அதனுடன் ஸ்ட்ரோபின் கை குட்டையாக இருந்தால் நீளமான கையையும் வாங்குங்கள். ஒற்றை ஸ்ட்ரோபைக் கொண்டு கலங்கல் நீரில் நல்ல படம் எடுக்க முடியும்; அதை மேலே ஒரு பக்கமாக வைத்து எடுக்கும்போது மறுபக்கத்தில் விழும் நிழல் உருவத்துக்குத் திரட்சியையும் தரும். இரண்டாவது ஸ்ட்ரோப் அந்த நிழலை மென்மையாக்கும், அகலமான காட்சிகளில் இருபுறமும் சமமாக ஒளி தரும். ஆனால் இடமும் திசையும் தவறாக இருந்தால், அது புள்ளிகளையும் இருபுறமும் சமமாகத் தரும்.

ஒளியைக் கேமராவிலிருந்து பிரித்து வைப்பது இந்தக் கலையின் தொடக்க காலத்திலேயே நடந்திருக்கிறது, வேறு காரணத்துக்காக. 1926-இல் உயிரியலாளர் வில்லியம் லாங்லியும் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழின் சார்ல்ஸ் மார்ட்டினும் புளோரிடாவின் டிரை டார்ட்டுகாஸ் பகுதியில் நீருக்கடியில் வண்ணப் படங்கள் எடுத்தபோது, மக்னீசியத் தூளை நீர்ப்பரப்பில் ஒரு மிதவையின்மீது வைத்து வெடிக்கச் செய்தார்கள். அன்றைய வண்ணத் தகடுகளுக்குத் தேவைப்பட்ட பெரும் ஒளியை வேறு வழியில் உண்டாக்க முடியாததே அதற்குக் காரணம். ஆனாலும் ஒளி மேலிருந்து, லென்ஸின் அச்சை விட்டு விலகி விழுந்தது. இன்றைய சிறு கேமராக்கள் வசதிக்காக ஃபிளாஷை லென்ஸின் அருகிலேயே பொருத்தி, நீருக்கடியில் நமக்கு வேலை வைத்துவிட்டன.

கலங்கல் என்று பொதுவாகச் சொன்னாலும் எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல, ஃபிளாஷுக்கு அவை கீழ்ப்படியும் விதமும் ஒன்றல்ல. மிதவையுயிரிகளும் கிளறப்பட்ட மணலும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். மேலே சொன்ன முறைகள் அவற்றுக்கு நன்றாகப் பலிக்கும். மிக நுண்ணிய வண்டல் அப்படியல்ல. அதன் துகள்கள் தனித்தனியே பதிவாவதில்லை, படம் முழுவதும் பால் கலந்ததுபோல் வெளுத்து, விளிம்புகள் மங்கிவிடும். ஸ்ட்ரோபை விலக்கினால் வெளுப்பு ஓரளவு குறையும், மங்கலோ அருகில் போனாலொழியக் குறையாது. மட்கிய இலைதழைகளின் சாறு இறங்கித் தேநீர் நிறம் கொண்ட நீர் இன்னொரு வகை. பார்ப்பதற்கு அது மிக மோசமாகத் தோன்றும், ஆனால் அது ஒளியை உறிஞ்சுகிறதே தவிர அதிகம் சிதறடிப்பதில்லை. அருகிலிருந்து ஃபிளாஷ் போட்டால் வியக்கத்தக்க சுத்தமான படங்கள் கிடைக்கும். வெப்பநிலையோ உப்பின் அளவோ வேறுபட்ட இரு நீர்ப்படலங்கள் கலக்கும் இடத்தில் எல்லாம் நெளிந்து தெரிந்தால், அங்கே எந்த விளக்கும் உதவாது. சில மீட்டர் மேலே அல்லது கீழே போய்விடுங்கள்.

கேமராவின் அமைப்புகளில், ஷட்டர் வேகம் பின்னணி நீரின் வெளிச்சத்தையும், அப்பர்ச்சரும் (லென்ஸின் திறப்பளவு) ஸ்ட்ரோபின் திறனும் முன்னாலுள்ள பொருளின் வெளிச்சத்தையும் ஆள்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். 1/200 விநாடி போன்ற வேகத்தில் பச்சை நீர் கறுத்துவிடும்; கறுப்பின்மீது ஒவ்வொரு துகளும் பளிச்சிடும். 1/60 வரை இறக்கினால் நீர் இளம்பச்சையாகத் துலங்கும், அதே எண்ணிக்கையிலான துகள்கள் அதற்குள் கரைந்துவிடும். சாளர இடுக்கைப் பற்றிச் சொன்னேனே, அந்த வெளிச்சமான சுவரை நாமே உண்டாக்குகிறோம். சற்று மேல்நோக்கி எடுத்தால் இது இன்னும் எளிதாகிறது. மெதுவான ஷட்டரில் வேகமாக நீந்தும் மீனைச் சுற்றி நிழல்போன்ற இரட்டை விளிம்பு விழக்கூடும் என்பதால், அசையாத பொருளிலிருந்து தொடங்குங்கள். தொடக்கத்துக்கு அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/80, ஸ்ட்ரோப் பாதித் திறன் என்று வைத்து, முதல் படத்தைப் பார்த்துத் திருத்துங்கள். லென்ஸ் வழியே திரும்பி வரும் ஒளியை அளந்து கேமராவே ஃபிளாஷின் அளவைத் தீர்மானிக்கும் டி.டி.எல். முறையை இந்த நீரில் நான் நம்புவதில்லை. அருகிலுள்ள துகள்களிலிருந்து திரும்பிய ஒளியையும் அது பொருளின் ஒளியாகக் கணக்கிட்டு, ஃபிளாஷை முன்கூட்டியே நிறுத்திவிடக்கூடும். ஒரே தொலைவிலிருந்து எடுக்கப் பழகிவிட்டால் கைமுறை அமைப்பே விரைவானது.

தானியங்கிக் குவியமும் துகள்களைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அலையும். சிறிய எல்.இ.டி. குவிய விளக்கு ஒன்று உதவும். ஆனால் தொடர்ந்து எரியும் விளக்கும் ஸ்ட்ரோபைப் போலவே பின்சிதறலை உண்டாக்கும் என்பதால், அதன் வெளிச்சம் படத்தில் பதிவாகாத அளவுக்கு மங்கலாக இருக்க வேண்டும், அல்லது ஸ்ட்ரோப் மின்னும் கணத்தில் தானே அணையும் வகையாக இருக்க வேண்டும். மீனின் கண்களுக்கு மேலே மாறுபாடு மிக்க ஒரு விளிம்பைத் தேர்ந்து குவியத்தைப் பூட்டிக்கொண்டு, பிறகு கேமராவை இரண்டொரு சென்டிமீட்டர் முன்பின் நகர்த்தி எடுப்பது என் அனுபவத்தில் இன்னும் நம்பகமானது.

கலங்கல் மிகக் கடுமையாக இருக்கும் நாள்களில் மேக்ரோவுக்கு, அதாவது சிறிய பொருள்களை மிக அருகிலிருந்து எடுப்பதற்கு, போய்விடுங்கள் என்பதே என் உறுதியான யோசனை. 5 அல்லது 10 சென்டிமீட்டர் நீரில் துகள்களுக்கு இடமே அதிகம் இல்லை. பின்னணியைக் கறுப்பாக்கும் ஆசை இருந்தால் அதற்கும் இதுவே இடம். ஸ்ட்ரோபின் முகப்பில் ஸ்னூட் என்ற குறுகிய குழாயை மாட்டினால், ஒளி ஒரு காசளவு வட்டமாகப் பொருளின்மீது மட்டும் விழும்; ஒளி படாத நீரிலுள்ள துகள் கேமராவைப் பொறுத்தவரை இல்லாததே. ஸ்னூட்டைக் குறிவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அது இல்லாமலே ஏறக்குறைய அதே பலனைப் பெற, ஸ்ட்ரோபைப் போர்ட்டின் முகப்புக்குச் சமமாகப் பக்கத்தில் கொண்டுவந்து, கேமராவை நோக்கி உட்புறமாகத் திருப்பி, ஒளிக்கூம்பின் முன்விளிம்பு மட்டும் பொருளைத் தொடும்படி செய்யலாம். பொருளுக்குப் பின்னாலுள்ள நீர் இருட்டிலேயே இருக்கும். நேரடி ஒளி லென்ஸுக்குள் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஃப்யூசரைப் பற்றி: அது கூம்பை இன்னும் அகலமாக்குகிறது, ஆகையால் 50 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து எடுக்கும்போது இந்த நீரில் அதைக் கழற்றிவிடுவதே நல்லது. மேக்ரோவில் ஒளியை மென்மையாக்க வைத்துக்கொள்ளலாம்.

ஃபிளாஷை அணைக்க வேண்டிய தருணங்களும் உண்டு. பொருள் உங்கள் ஐந்தில் ஒரு பங்கு எல்லைக்கு வெளியே இருக்கிறது, நெருங்கவும் வழியில்லை என்றால் அணைத்துவிடுங்கள். மூழ்கிய கலத்தின் முகப்பு, கூட்டமாகச் செல்லும் மீன்கள், மேலே ஒளிரும் நீர்ப்பரப்புக்கு எதிராகத் தெரியும் ஒரு மூழ்குநரின் உருவம் ஆகியவற்றுக்கு ஃபிளாஷ் எதையும் சேர்ப்பதில்லை, புள்ளிகளை மட்டுமே சேர்க்கும். பச்சை நீரில் ஆல்காவின் பச்சையமும் கரைந்த கரிமப் பொருள்களும் நீலத்தையும், நீர் சிவப்பையும் விழுங்கிவிடுவதால், எஞ்சிய பச்சையைச் சமன்செய்ய மெஜந்தா நிற வடிப்பானை ஆழம் குறைந்த இடங்களில் முயன்று பார்க்கலாம். நீலக் கடலுக்கென விற்கப்படும் சிவப்பு வடிப்பான் இதற்குப் பொருந்தாது. நிறம் எப்படியும் வராது என்று தெரிந்தால் கறுப்பு வெள்ளையாக நினைத்து எடுங்கள். வடிவமும் ஒளிநிழலும் உள்ள காட்சியை அப்போது நீங்களே தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

நீரைக் கலக்குவது பல நேரங்களில் நாமேதான் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. துடுப்புக் காலணியைக் கீழ்நோக்கி அடிக்காமல் தவளையைப் போல் பக்கவாட்டில் உதையுங்கள், தரையைத் தொடாமல் மிதப்பைச் சமன்செய்துகொள்ளுங்கள். நீரோட்டம் இருந்தால், அது பொருளிலிருந்து உங்களை நோக்கி வரும்படி நில்லுங்கள். நீங்கள் கிளப்பும் வண்டல் உங்களுக்குப் பின்னால் போய்விடும். கேமரா திரையில் ஆழ்ந்திருக்கும்போது 2 மீட்டர் மட்டுமே தெரியும் நீரில் துணைவரைப் பார்வையிலிருந்து இழக்க ஒரு நிமிடம் போதும். யார் படமெடுப்பது, யார் காற்றையும் சூழலையும் கவனிப்பது என்று இறங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். நீளமான ஸ்ட்ரோப் கைகள் கைவிடப்பட்ட வலையிலும் கயிற்றிலும் சிக்கக்கூடும் என்பதால் வெட்டும் கருவியை எட்டும் இடத்தில் வையுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனையைப் பொறுத்தவரை, வெற்றுப் பின்னணியில் விழுந்த சில புள்ளிகளைக் கணினியில் அழிப்பது எளிது, அதில் தவறும் இல்லை. மீனின் செதில்கள்மீதும் கண்மீதும் விழுந்தவற்றை அழிப்பது வேறு வேலை. துகள் எது, உடலில் உள்ள இயல்பான புள்ளி எது என்று பெரிதாக்கிப் பார்த்தாலும் பல நேரங்களில் பிரித்தறிய முடியாது, இனத்தை அடையாளம் காண உதவும் குறியையே நீங்கள் அழித்துவிடக்கூடும். மூட்டம் நீக்கும் வசதியைப் படம் முழுவதற்கும் பயன்படுத்தினால் மங்கல் குறையும் அதே வேளையில் ஒவ்வொரு துகளும் கூர்மையாக எழுந்து நிற்கும், ஆகையால் அதைப் பொருளின்மீது மட்டும் தேர்ந்து பயன்படுத்துங்கள், பின்னணியில் மாறுபாட்டைக் குறையுங்கள். உங்கள் கேமராவில் வசதி இருந்தால் ரா வடிவில் (கேமரா மாற்றாத மூலத் தரவாக) பதிவு செய்யுங்கள். பச்சையைத் திருத்த அதில்தான் இடமிருக்கும். படங்களைப் போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், எந்த அளவுக்குப் புள்ளி நீக்கலாம் என்ற விதியை முதலில் படித்துவிடுங்கள். இறுதிச் சுற்றில் மூல ரா கோப்பைக் கேட்கும் போட்டிகள் பல இருக்கின்றன.